சித்திரக்குள்ளர்களைக் கைது செய்த பொலிஸ்

கடந்த ஆண்டின் கடைசியில், வலிகாமம் வடக்கைச் சேர்ந்த ஏழெட்டு இளைஞர் யுவதிகளோடு ஒரு பின்னேரம் இருந்து கதைத்தேன். எல்லோரும் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுடைய அம்மம்மா, அப்பப்பாமாரின் வீடுகள் 1990 இடப்பெயர்வின் பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனவை. சிலருடைய காணிகள் விடுவிக்கப்பட்டுவிட்டன. சிலருடையவை இன்னும் முள்வேலிக்கு அப்பால்தான் கிடக்கின்றன.

காணி விடுவிப்புப் போராட்டங்களில் பதாகை பிடித்து நின்று பழகிய பிள்ளைகள் அவர்கள். இம்முறை வேறொன்று செய்ய யோசித்திருந்தார்கள். பெரிய காட்போட் பெட்டிகளை வெட்டி, கதவும் யன்னலும் கீறி, மேலே ஓட்டுக்கூரை வைத்து, ஆளுக்கொரு வீடாக உடம்பில் மாட்டிக்கொள்வது. அப்படியே வேலியோரமாக நடந்து சந்தை வரைக்கும் போவது. வழியில் காண்கிற ஆட்களிடம் வீடுகள் ஒரே கேள்வியைக் கேட்கும்: "என்ரை சொந்தக்காரரைக் கண்டனீங்களோ?"

கேட்டவுடன் எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் ஒரு பிள்ளை கேட்டாள்: "அக்கா, இதுக்குப் பிடிப்பாங்களோ?" பக்கத்தில் இருந்த பெடியன் சொன்னான்: "பிடிக்கிறது இருக்கட்டும். வீடு போன கதையை விளையாட்டாக்கிப் போட்டினம் எண்டு எங்கட சனமே சொல்லாதோ?"

ஊடகக் கற்கை படித்தவள் என்பதால் என்னிடம் விடை இருக்கும் என்று நினைத்தார்கள். அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. ஆனால் இதே கேள்விகளோடு வீதிக்கு இறங்கியவர்கள் வேறொரு நாட்டில் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் அவர்களைப் பற்றிப் படித்தபோது அது ஒரு வேடிக்கைக் கதையாகவே எனக்குத் தோன்றியது. இப்போது திரும்பவும் வாசிக்கும்போது அப்படித் தோன்றவில்லை.

அழித்த சுவரில் ஒரு சித்திரம்

1981 டிசம்பர் 13ஆம் திகதி போலந்தில் ஜெனரல் யாருசெல்ஸ்கியின் அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. சுமார் ஒரு கோடி உறுப்பினர்களைக் கொண்டிருந்த 'சொலிடாரிட்டி' தொழிற்சங்க இயக்கத்தின் தலைவர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். ஊரடங்கு வந்தது. தொலைபேசிகள் துண்டிக்கப்பட்டன. மூன்று நாட்களின் பின், வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டதில் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள்.

கூட்டம் கூட முடியாத அந்த நாட்களில் மக்கள் இரவில் சுவர்களில் எழுதினார்கள். விடிந்ததும் அரசாங்கத்தின் ஆட்கள் வந்து எழுத்துகளின் மேல் வர்ணம் பூசி மறைத்துவிட்டுப் போனார்கள். நகரமெங்கும் சுவர்களில் திட்டுத்திட்டாகப் பூச்சுகள் மிஞ்சின. எழுத்து மறைந்தாலும், இங்கே ஏதோ எழுதியிருந்தது என்பதை அந்தப் பூச்சே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வர்ணம் பூசி மறைத்த சுவர்களைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மேற்குப் போலந்தின் வ்ரொட்ஸ்வாவ் நகரில் வரலாறும் கலை வரலாறும் படித்த வால்டெமார் ஃபிட்ரிக் என்ற இளைஞர், 1982 ஓகஸ்ட் 30ஆம் திகதி இரவு, ஒரு நண்பரோடு அப்படியான பூச்சொன்றின் மேல் ஒரு சித்திரக்குள்ளனை வரைந்தார். சிறுவர் கதைகளில் வருகிற, கூம்புத் தொப்பி போட்ட அதே குள்ளன். கையில் ஒரு பூ. எந்தச் சுலோகமும் இல்லை. அடுத்தடுத்த மாதங்களில் போலந்தின் பல நகரங்களில் இப்படி நூற்றுக்கணக்கான குள்ளர்கள் முளைத்தார்கள்.

வூட்ஜ் நகரில் வரையும்போது பிடிபட்ட ஃபிட்ரிக், பொலிஸ் நிலையத்தில் மார்க்சியப் பாடம் எடுத்தார் என்று சொல்லப்படுகிறது. சுவரில் எழுதிய சுலோகம் கருத்து, அதன் மேல் பூசிய வர்ணம் எதிர்க்கருத்து, இரண்டும் மோதிப் பிறந்த புதிய விளைவு இந்தக் குள்ளன் என்பது அவருடைய விளக்கம். கொமியூனிஸ்ட் அரசாங்கத்தின் பொலிஸாரால் இயங்கியலைப் பிழை என்று சொல்ல முடியுமா?

இந்த இடத்தில் ஒரு திகதியைக் கவனிக்க வேண்டும். முதல் குள்ளன் வரையப்பட்ட இரவு விடிந்தால் ஓகஸ்ட் 31. அன்று, வ்ரொட்ஸ்வாவிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர் தூரத்திலுள்ள லூபின் நகரில், ஆர்ப்பாட்டக்காரர்களைப் பொலிஸார் சுட்டதில் மூவர் இறந்தார்கள். குள்ளனை வரைந்தவர்கள் ஆபத்தில்லாத நாட்டில் பொழுதுபோக்காக வரையவில்லை.

தொப்பி போட்ட கூட்டம்

சுவரில் இருந்த குள்ளர்கள் வீதிக்கு இறங்க ஐந்து ஆண்டுகள் பிடித்தன. ஃபிட்ரிக்கின் குழுவின் பெயர் 'செம்மஞ்சள் மாற்று'. அவரை எல்லோரும் 'மேஜர்' என்றுதான் அழைத்தார்கள். கட்டாய இராணுவ சேவைக்கான நேர்முகத்துக்கு மேஜர் சீருடையோடு போய், அளவுக்கு மீறிய ஆர்வம் காட்டிப் பைத்தியக்காரன் போல நடித்துத் தப்பியதால் வந்த பெயர் அது என்பார்கள். ஒரு வேடம் என்ன செய்யக்கூடும் என்பதை அவர் அங்கேயே கண்டிருக்க வேண்டும்.

1987 ஜூன் 1, சிறுவர் தினம். வ்ரொட்ஸ்வாவின் பிரதான கடைத்தெருவான ஷ்விட்னிட்ஸ்கா வீதியில் சிவப்புக் கடதாசித் தொப்பிகளோடு ஆட்கள் கூடினார்கள். இனிப்புக் கொடுத்தார்கள், பாட்டுப் பாடினார்கள். பொலிஸார் வந்து குள்ளர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். கடைக்கு வந்த சனம் நின்று பார்த்தது.

அதே ஆண்டு ஒக்டோபரில், மலசலகூடக் கடதாசிக்கு நாட்டில் பெரும் தட்டுப்பாடு இருந்த நேரத்தில், அதை வீதியில் நின்று ஒவ்வொரு தாளாகப் போவோர் வருவோருக்கு விநியோகித்தார்கள். எந்த அரசாங்க எதிர்ப்புச் சுலோகமும் அதைவிடத் தெளிவாகப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசியிராது.

நவம்பர் 6ஆம் திகதி, ரஷ்யப் புரட்சியின் ஆண்டு நிறைவுக்கு முதல் நாள், புரட்சியை அரசாங்கத்தைவிட உற்சாகமாகக் கொண்டாடப் போவதாக அறிவித்தார்கள். எல்லோரும் சிவப்பில் வரவேண்டும். சிவப்புச் சால்வை, சிவப்புச் சப்பாத்து, சிவப்புப் பை எதுவென்றாலும் சரி. ஒன்றும் இல்லாதவர்கள் நீளப் பாணில் தக்காளி சோஸ் பூசிக்கொண்டு வரலாம். காட்போட்டில் செய்த போர்க்கப்பல்களும் வீதிக்கு வந்தன. கொமியூனிஸ்ட் நாடொன்றின் பொலிஸார், சிவப்பு உடுத்தியவர்களையும் சோஸ் பூசிய பாணோடு நின்றவர்களையும் துரத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று.

1988 ஜூன் 1ஆம் திகதி சிறுவர் தினம் திரும்ப வந்தபோது, தொப்பி போட்டு நடந்தவர்களின் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியதாகப் பதிவாகியிருக்கிறது.

ஏன் அது வேலை செய்தது?

சிரிப்பு நல்ல மருந்து என்ற மாதிரியான பதில் இதற்குப் போதாது. அந்த விளையாட்டுக்குள் ஒரு பொறிமுறை இருந்தது. எனக்கு விளங்கிய வரையில் அதில் நான்கு பகுதிகள்.

முதலாவது, குற்றப்பத்திரிகை எழுத ஒன்றும் இல்லை. பதாகையில் எழுதியதை வாசித்துக் குற்றம் சாட்டலாம். தொப்பியை எப்படி வாசிப்பது? சட்டவிரோதமான குள்ளர் கூட்டத்தில் ஏன் கலந்துகொண்டாய் என்று கேட்கிற அதிகாரியை யாரால் மதிக்க முடியும் என்று ஃபிட்ரிக் பின்னாளில் பல இடங்களில் கேட்டார்.

இரண்டாவது, பொலிஸாரும் நடிகர்களானார்கள். ஆர்ப்பாட்டம் ஒன்றில் பொலிஸ் வந்தால் நிகழ்வு குழம்பும். இங்கே பொலிஸ் வந்தபோதுதான் நிகழ்வு முழுமையடைந்தது. கைது செய்தால் குள்ளர்களைக் கைது செய்த பொலிஸ் என்று ஊர் சிரிக்கும். விட்டுவிட்டால் அடுத்த தடவை கூட்டம் இரட்டிப்பாகும். எதைச் செய்தாலும் அதிகாரத்துக்குத்தான் நட்டம்.

மூன்றாவது, சேர்வதற்கான விலை மிகக் குறைவாக இருந்தது. கட்சி உறுப்புரிமை வேண்டாம், உரையாற்றத் தெரிய வேண்டாம். ஒரு கடதாசித் தொப்பி போதும். வேலைக்குப் போய் வருகிற ஒருவர் பத்து நிமிடம் நின்று, தொப்பியைக் கழற்றி மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

நான்காவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பயம் இடம் மாறியது. கண்காணிக்கப்படுகிற சமூகத்தில் ஒவ்வொருவரும் தான் தனியாகத்தான் பயப்படுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே வீதியில் ஒரே நேரத்தில் சேர்ந்து சிரித்தபோது, பக்கத்தில் நிற்பவரும் தன்னைப் போலத்தான் என்பது தெரிந்துவிட்டது. அதன் பிறகு, இவர்கள் அடுத்து என்ன செய்வார்களோ என்று யோசித்துப் பதற்றப்படுவது பொலிஸாரின் வேலையாகிவிட்டது.

எந்த நேரத்தில்?

இவ்வளவையும் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் அது அந்தப் பிள்ளைகளுக்கு நான் செய்கிற துரோகம்.

போலந்தில் வீதி நிகழ்வுகள் பெருகியது 1987, 1988இல்தான். இராணுவச் சட்டம் 1983இல் நீக்கப்பட்டிருந்தது. 1986இல் அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டிருந்தது. மொஸ்கோவில் கோர்பச்சேவ் இருந்தார். போலந்து அரசாங்கத்துக்கு மேற்குலகக் கடன் தேவைப்பட்டது. தன்னை நாகரிகமான அரசாக உலகுக்குக் காட்ட வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் நாட்டுக்குள் இருந்தார்கள். கேலிக்கு ஆளாவதைப் பற்றிக் கவலைப்படுகிற அரசாங்கத்தின் முன்னால்தான் கேலி ஆயுதமாகும். எவருடைய பார்வைக்கும் அஞ்சாத அதிகாரத்தின் முன்னால் கடதாசித் தொப்பி தலையைக் காக்காது. சாட்சிகள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு நடத்தப்பட்ட ஒரு போரைக் கண்டவர்கள் நாங்கள். இந்த வேறுபாடு எங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தக் காலத்திலும் விலை இல்லாமல் இருக்கவில்லை. 1988 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, கடைகளில் கிடைக்காத சுகாதார அணையாடைகளைப் பெண்களுக்கு வீதியில் விநியோகித்ததற்காக ஃபிட்ரிக்குக்கு இரண்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எழுந்த எதிர்ப்பினால் தண்டனைக் காலம் முடியுமுன்னரே அவர் வெளியே வந்தார்.

குள்ளர்கள்தான் ஆட்சியைக் கவிழ்த்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1988இன் பெரும் வேலைநிறுத்தங்கள், வீழ்ந்துகொண்டிருந்த பொருளாதாரம், சொலிடாரிட்டியின் பல ஆண்டுத் தலைமறைவு வேலை எல்லாம் சேர்ந்துதான் 1989 ஜூன் தேர்தலுக்கு வழிவிட்டன. குள்ளர்கள் செய்தது, வீதிக்கு இறங்கப் பயந்திருந்த ஒரு தலைமுறைக்கு வீதியைப் பழக்கிவிட்டது.

சிரிப்பு எங்களுக்குப் புதிதல்ல

"எங்கட சனம் என்ன நினைக்கும்?" என்ற கேள்விக்கு வருகிறேன்.

வேடமிட்டு வீதிக்கு வருவது எங்களுக்கு அந்நியமான சங்கதி இல்லை. கூத்திலும் இசைநாடகத்திலும் ராசா அழுகிற இரவிலேயே கோமாளியும் பபூனும் வருவார்கள். புராணக் கதையின் நடுவே நின்று ஊர் விதானையாரையும் சங்கக்கடை மனேஜரையும் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிற உரிமை அவர்களுக்கு மட்டும் இருந்தது. மலையகத்தில் காமன் கூத்தின்போது லயங்களே மேடையாகும். சூரன் போரில் தலை மாற்றி மாற்றி ஆடுகிற சூரனைப் பார்க்க ஊரே கோயில் வீதியில் கூடும்.

பொருளாதாரத் தடைக் காலத்திலும் நாங்கள் சிரித்துத்தான் இருந்தோம். கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகையைப் பற்றியும், ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய மூக்குக் கரியைப் பற்றியும் அக்காலத்து ஆட்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு துன்பத்தைச் சிறிதாக்கியது என்று அவர்களில் யாரும் சொல்வதில்லை. அது அவர்களுடைய சிரிப்பு. வெளியிலிருந்து வந்த ஒருவர் அதே பகிடியை விட்டிருந்தால் கோபம்தான் வந்திருக்கும்.

யார் சிரிக்கிறார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போலந்துக் குள்ளர்கள் வூயெக்கில் இறந்த தொழிலாளர்களைப் பற்றி வேடிக்கை செய்யவில்லை. தடை செய்கிறவர்களின் தடையை வேடிக்கையாக்கினார்கள். மே 18 நினைவேந்தலுக்கும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் இருக்கிற தாய்மாரின் கொட்டிலுக்கும் வேடத்தோடு போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அங்கே அழுகைக்கு உரிய இடம் இருக்கிறது. அதை வேறொன்றால் நிரப்ப எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு வீட்டை முப்பது வருடத்துக்கு மேலாக வேலிக்குள் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களிடமே உறுதிப்பத்திரம் கேட்கிற ஏற்பாட்டில் ஓர் அபத்தம் இருக்கிறது. அந்த அபத்தத்தைச் சுட்டிக்காட்ட காட்போட் வீடு பொருத்தமான வேடம்தான்.

எங்கள் வீதியில் அதன் விலை

இலங்கையில் சிரிப்புக்குப் பாதுகாப்பு இருக்கிறதா? 2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு, ஐந்து வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகளுக்காக 2007இல் கொண்டுவரப்பட்ட 56ஆம் இலக்கச் சட்டம். உரிமைகளைக் காப்பதற்கான சட்டத்தைக் காட்டியே ஒருவரின் பேச்சுக்காக அவரைப் பிடித்தார்கள். கொழும்பில் சிங்களத்தில் பேசிய, பலரும் அறிந்த ஒருவருக்கே இது நடந்தது.

2024 மே மாதம் திருகோணமலை, சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியதற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டார்கள். அங்கே வேடமும் இல்லை, வேடிக்கையும் இல்லை. அரிசியும் தண்ணீரும்தான் இருந்தன. எங்கள் வீதிகளில் எது குற்றமாகும் என்பதை, நாங்கள் செய்வதைப் பார்த்து மட்டும் கணிக்க முடியாது.

எங்கள் ஊர்களில் விலை நிகழ்வு நடக்கிற இடத்தில் மட்டும் கேட்கப்படுவதும் இல்லை. அன்று ஒருவரும் தடுக்காமல் விடலாம். தூரத்தில் நின்று படம் மட்டும் எடுப்பார்கள். இரண்டு நாள் கழித்து வீட்டுப் படலையில் வந்து நின்று, "மகள் என்ன செய்யிறா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். போலந்துக் குள்ளர்களைப் பத்தாயிரம் பேரின் கூட்டம் காத்தது. சிறிய ஊரில் எட்டு வீடுகளுக்குள் இருக்கிற எட்டுப் பேரையும் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் ஊர் வாயும் இருக்கிறது.

நான் அவர்களிடம் சொன்னது

இரண்டாம் முறை அவர்களைச் சந்தித்தபோது செய்யுங்கள் என்றோ செய்ய வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. மாட்டுப்படப் போவது நான் அல்ல என்பதால் அந்த உரிமை எனக்கு இல்லை. செய்வதென்றால் முதலில் பதில் தேட வேண்டிய சில விடயங்களை மட்டும் சொன்னேன்.

வேலிக்குள் வீடு உள்ள மூத்தவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்களில் ஒருவருக்கு மனம் நொந்தாலும் வேடத்தை மாற்றுங்கள். எட்டுப் பேராகப் போகாமல் எண்பது பேர் சேரும் வரை பொறுங்கள். வேடம், யாரும் வீட்டில் ஒரு மணித்தியாலத்தில் செய்யக்கூடியதாக இருக்கட்டும். சந்தை நாளில், பட்டப்பகலில், ஆட்கள் பார்க்கிற இடத்தில் செய்யுங்கள். வேலிக்குக் கிட்டப் போகத் தேவையில்லை. வீடுகள் சந்தைக்கு வந்தால் போதும். சட்டத்தரணி ஒருவரிடம் முன்கூட்டியே கதைத்து வையுங்கள். இரண்டு மூன்று ஊடகவியலாளர்களையாவது அழையுங்கள். முகம் தெரிவதை விரும்பாதவர்களுக்கு யன்னலைச் சிறிதாக வெட்டுங்கள். படையினரோ பொலிஸாரோ வந்து கேட்டால், வாதாட வேண்டாம். அவர்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

முதலாவதை அவர்கள் அன்றே தொடங்கிவிட்டார்கள். கேள்வி கேட்ட பிள்ளை, தன் அம்மம்மாவிடம் அந்தக் காட்போட் வீட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அம்மம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு, யன்னல் பச்சை இல்லை, நீலம் என்றாராம். படலைக்குப் பக்கத்தில் நின்ற பிலா மரத்தையும் கீறச் சொன்னாராம்.

வ்ரொட்ஸ்வாவின் ஷ்விட்னிட்ஸ்கா வீதியில், குள்ளர்கள் கூடிய இடத்தில் 2001இல் ஒரு வெண்கலக் குள்ளனை நிறுத்தினார்கள். இன்று அந்த நகரெங்கும் நூற்றுக்கணக்கான வெண்கலக் குள்ளர்கள். சுற்றுலாப் பயணிகள் வரைபடம் வைத்துத் தேடிப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சின்னத்தை நகரசபை பயன்படுத்திக்கொள்வதை எதிர்த்து ஃபிட்ரிக் நீதிமன்றம் வரைக்கும் போனார். அது அவர்களுடைய பிரச்சினை. எங்களுடைய வீடுகள் இன்னும் வேலிக்குள் இருக்கின்றன. காட்போட் வீடுகள் இப்போதைக்கு ஓர் அறைக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கடைசியாகக் கேட்டபோது, பதினொரு வீடுகள் சேர்ந்திருந்தன.